பிப்ரவரி 29, 2013

2012 பிப்ரவரி 28, அமெரிக்க மேற்குக் கரையில் மாலை 4 மணி. உலகப் பொது நேரமான யூடிசி கணக்கில் அப்போதுதான் பிப்ரவரி 29 பிறந்தது. மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகக் கணினிச் சேவையில் அந்த நொடி முதல் புதிதாகக் கிளம்பிய மெய்நிகர் கணினிகள் எல்லாம் தொடங்கிய வேகத்தில் படுத்துவிட்டன.

காரணம் ஒரு சான்றிதழ். ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் எழுந்ததும் தன்னைத் தாங்கி நிற்கும் சர்வருடன் ரகசியமாகப் பேசுவதற்காக ஒரு சான்றிதழை உருவாக்கிக்கொள்ளும். அதன் ஆயுள் ஓராண்டு. காலாவதித் தேதியைக் கண்டுபிடிக்க நிரல் செய்தது மிக எளிய வேலை: இன்றைய தேதியை எடு, ஆண்டோடு ஒன்றைக் கூட்டு. 2012 என்பது 2013 ஆனது. மாதமும் நாளும் அப்படியே நின்றன. கிடைத்த விடை 2013 பிப்ரவரி 29. அப்படியொரு நாள் நாட்காட்டியில் இல்லை. சான்றிதழ் உருவாகவில்லை, நிரல் நின்றது. சர்வர் 25 நிமிடம் பார்த்துவிட்டு மெய்நிகர் கணினியை மறுபடி தொடக்கியது. மூன்று முறை இப்படித் தோற்றதும், வன்பொருளில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதிலிருந்த மெய்நிகர் கணினிகளை வேறு சர்வருக்கு மாற்றியது. போன இடத்திலும் அதே கதை. அந்த சர்வரும் பழுதானதாகக் குறிக்கப்பட்டது. தொற்று பரவாமலிருக்க, வாடிக்கையாளர்கள் தங்கள் சேவைகளை நிர்வகிக்கும் வசதியையே உலகம் முழுவதும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. எல்லாம் சரியாவதற்கு ஒரு நாளுக்கு மேல் பிடித்தது.

நிரலாளரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் ‘அடுத்த வருஷம் இதே நாள்’ என்று எல்லோரும் அன்றாடம் பேசுவதைத்தான் அவர் எழுதியிருந்தார். கேட்க வேண்டிய கேள்வி வேறு. இல்லாத ஒரு நாளைத் தேதி என்ற பெயரில் நிரலுக்குள் நடமாட விட்டது எது?

ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களைச் சேர்த்து வைத்துத் தேதி என்று அழைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. மாதம் 1 முதல் 12 வரை, நாள் 1 முதல் 31 வரை என்று எல்லை கட்டினாலும், ஓராண்டுக்கு 12 × 31 = 372 தேதிகள் கிடைக்கும். சாதாரண ஆண்டில் இருப்பதோ 365 நாள். மிஞ்சும் ஏழும் யார் யார் என்று பெயர் சொல்லியே எண்ணலாம்: பிப்ரவரி 29, 30, 31, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் மாதங்களின் 31. இந்த ஏழுக்கும் தேதியின் உருவம் உண்டு, நாள்தான் இல்லை. தேதியைக் கையில் வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் அந்த ஏழில் ஒன்று உள்ளே வந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அல்லது முன்னால் யாரோ சோதித்திருப்பார்கள் என்று நம்ப வேண்டும். பெரிய நிரல்களில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஹாஸ்கெல், ஓகாமல், எல்ம் போன்ற ஃபங்ஷனல் புரோகிராமிங் மொழிகளில் எழுதுபவர்கள் இந்த இடத்தில் வேறு பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். அவர்களுக்குத் தரவு வகை என்பது மதிப்புகளின் தொகுதி. எந்தெந்த மதிப்புகள் அந்தத் தொகுதியில் இருக்கலாம் என்பதைத்தான் முதலில் வரையறுக்கிறார்கள். கணக்கு அதற்குப் பிறகு. தவறான நிலையை எழுதவே முடியாதபடி வகையை அமைத்துவிட வேண்டும் என்ற கொள்கையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் யாரன் மின்ஸ்கி. ஓகாமலைப் பெருமளவில் பயன்படுத்தும் ஜேன் ஸ்ட்ரீட் என்ற பங்கு வணிக நிறுவனத்தைச் சேர்ந்தவர் அவர். மாதத்துக்கு இந்தக் கொள்கையைப் பொருத்துவது சுலபம். ஜனவரி அல்லது பிப்ரவரி அல்லது மார்ச் என்று பன்னிரண்டு பெயர்களையும் அடுக்கி, மாதம் என்றால் இவற்றில் ஒன்று மட்டுமே என்று அறிவித்துவிடலாம். பதின்மூன்றாவது மாதத்தை எழுத நினைத்தாலும் அதற்குச் சொல் கிடையாது. நாளுக்கு இப்படிச் செய்ய முடியாது. மாதத்தையும் ஆண்டையும் பார்த்துத்தான் அதன் எல்லை தெரியும்.

ஹாஸ்கெலின் நேர நூலகம் இந்தச் சிக்கலை அவிழ்க்க முயலவில்லை. மூன்று எண்களையே கைவிட்டுவிட்டது. அதில் ‘டே’ என்ற வகைக்குள் இருப்பது ஒரே ஒரு முழு எண். 1858 நவம்பர் 17-ஐச் சுழியமாக வைத்து அன்றிலிருந்து எத்தனையாவது நாள் என்ற கணக்கு. 1947 ஆகஸ்ட் 15-இன் எண் 32412. 1950 ஜனவரி 26-இன் எண் 33307. சுதந்திரத்துக்கும் குடியரசுக்கும் இடையே எத்தனை நாள் என்றால் ஒரு கழித்தல் போதும்: 895. கிழமையும் அந்த எண்ணிலேயே அடங்கியிருக்கிறது. சுழிய நாள் புதன்கிழமை. 32412-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. புதனிலிருந்து இரண்டு நாள் தள்ளினால் வெள்ளி. இந்தியா விடுதலை பெற்றது வெள்ளிக்கிழமைதான். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரு மெய்யான நாள் உண்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் உண்டு. அந்த ஏழு போலி நாட்களுக்கு இங்கே இடமே இல்லை.

1858 எங்கிருந்து வந்தது? வானியலாளர்கள் கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலிலிருந்து நாட்களை வரிசையாக எண்ணுகிறார்கள். ஜூலியன் நாள் என்று பெயர். அந்த எண்ணிக்கை 24 லட்சத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. 1957-இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளைப் பின்தொடர்ந்த அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம், ஐபிஎம் 704 கணினியின் குறுகிய நினைவகத்தில் இடத்தை மிச்சப்படுத்த, அந்த எண்ணிலிருந்து 24,00,000.5-ஐக் கழித்துக்கொண்டது. அரை நாளையும் சேர்த்துக் கழித்ததால் நாள் நண்பகலுக்குப் பதில் நள்ளிரவில் தொடங்கியது. சுழியம் 1858 நவம்பர் 17-இல் வந்து விழுந்தது. 18 பிட்டுகளுக்குள் அடங்கும் இந்த எண் 2576 ஆகஸ்ட் வரை தாங்கும். ஹாஸ்கெலில் அந்த எல்லையும் இல்லை, அதன் முழு எண் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும்.

மனிதர்கள் 32412 என்று தேதி எழுதமாட்டார்கள். ஆகவே எல்லையில் ஒரு வாசல் தேவை. ஆண்டு, மாதம், நாளை வாங்கிக்கொண்டு சரிபார்க்கும் ஃபங்ஷன் திருப்பித் தருவது நேரடியாக ‘டே’ அல்ல, ‘மேபி டே’. அதாவது ஒரு நாள் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். 2013, 2, 29 என்று கொடுத்தால் ‘நத்திங்’ என்று விடை வரும். அந்த விடையை நாளாகப் பாவித்துக் கணக்கைத் தொடர முயன்றால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளாது. ‘நத்திங்’ வந்தால் என்ன செய்வாய் என்பதற்கும் பதில் எழுதிவிட்டு வா என்று திருப்பி அனுப்பும். நிரல் ஓடத் தொடங்கும் முன்பே, பிப்ரவரி 29 வரும் முன்பே, இந்த வாக்குவாதம் முடிந்துவிடுகிறது.

இதே நூலகத்தில் இன்னொரு வாசலும் உண்டு. அது கேள்வி கேட்காமல் 2013 பிப்ரவரி 29-ஐப் பிப்ரவரி 28 ஆக வெட்டித் தரும். சரிபார்க்கும் ஃபங்ஷனுக்கு நீண்ட பெயரும் சத்தமில்லாமல் மாற்றிவிடும் ஃபங்ஷனுக்குச் சுருக்கமான பெயரும் வாய்த்திருப்பது நல்ல ஏற்பாடு அல்ல. அவசரத்தில் கை போவது சுருக்கமான பெயருக்குத்தான்.

ஆண்டைக் கூட்டுவதில் இந்த நூலகம் காட்டும் கறார் போற்றத்தக்கது. ஓராண்டைக் கூட்டு என்று பொதுவாகச் சொல்ல அதில் ஃபங்ஷனே கிடையாது. இரண்டு உண்டு: ஒன்று மாதக் கடைசிக்கு வெட்டும், மற்றது அடுத்த மாதத்துக்கு வழிந்து செல்லும். 2012 பிப்ரவரி 29-க்கு முதலாவது பிப்ரவரி 28 என்றும் இரண்டாவது மார்ச் 1 என்றும் சொல்லும். எது வேண்டும் என்று நிரலாளர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். மாதங்களிலும் இப்படியே. சாதாரண ஆண்டின் ஜனவரி 31-உடன் வெட்டும் முறையில் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. அதனுடன் இன்னொரு மாதம் கூட்டினால் மார்ச் 28. ஆனால் ஜனவரி 31-உடன் ஒரே தடவையில் இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் இரண்டு என்ற விதி மாதங்களிடம் செல்லுபடியாகாது. கடன் தவணைக்கு நிரல் எழுதுபவர், போன தவணையிலிருந்து அடுத்ததைக் கணக்கிடாமல் கடன் வாங்கிய முதல் தேதியிலிருந்தே ஒவ்வொன்றையும் கணக்கிட வேண்டியது இதனால்தான்.

எண்ணாகச் சேமித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2008 டிசம்பர் 31 அன்று 30 ஜிபி ஸூன் இசைக் கருவிகள் கூட்டம் கூட்டமாக உறைந்துபோயின. அவை நாட்களை 1980-இலிருந்து எண்ணித்தான் வைத்திருந்தன. அந்த எண்ணை ஆண்டாக மாற்றும் சுழற்சியில், லீப் ஆண்டின் 366-வது நாள் வந்தால் கழிக்கவும் முடியாமல் வெளியேறவும் முடியாமல் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்படி நிரல் அமைந்திருந்தது. எண்ணிலிருந்து நாட்காட்டிக்கு வரும் வழியை ஒரே ஒரு இடத்தில், எல்லோரும் பயன்படுத்தித் தேய்த்துப் பார்த்த நூலகத்தில் வைப்பதே இதற்கான பாதுகாப்பு. கருவிக்குக் கருவி புதிதாக எழுதினால், தவறும் கருவிக்குக் கருவி புதிதாகப் பிறக்கும்.

நாளுக்கு அடுத்தது இடைவெளி. நெடுஞ்சாலையில் இரண்டு மைல்கற்களைக் கழித்தால் தூரம் கிடைக்கும். மைல்கல்லோடு தூரத்தைக் கூட்டினால் இன்னொரு மைல்கல் கிடைக்கும். மைல்கல்லையும் மைல்கல்லையும் கூட்டினால் எதுவும் கிடைக்காது. காலத்தின் கணக்கும் இதுவே. இரண்டும் வெறும் எண்ணாக இருக்கும் மொழியில் இன்றையும் நேற்றையும் கூட்டி விடை வாங்கிவிடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஹாஸ்கெலில் காலத்தின் ஒரு புள்ளியான கணத்துக்கு ‘யூடிசி டைம்’ என்று ஒரு வகை, இடைவெளிக்கு வேறு வகை. இடைவெளிகளைக் கூட்டலாம், கழிக்கலாம், எதிர்க்குறி இடலாம். கணங்களுக்குக் கூட்டல் என்ற வினையே வரையறுக்கப்படவில்லை.

அந்த ‘யூடிசி டைம்’ எப்படி ஆக்கப்பட்டிருக்கிறது என்பதும் பார்க்கத்தக்கது. ஒரு ‘டே’, அந்த நாளுக்குள் கழிந்த நொடிகள் என்று இரண்டு பகுதிகள். ஒரு நாளுக்கு 86,400 நொடி என்றாலும், இங்கே இன்னும் ஒரு நொடிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பூமியின் சுழற்சி சீராக இல்லாததால் 1972 முதல் இதுவரை 27 முறை லீப் நொடி சேர்க்கப்பட்டிருக்கிறது. கடைசியாக 2016 முடிவில். அந்த நாட்களில் 23:59:59-க்குப் பிறகு 23:59:60 என்று ஒரு நொடி உண்டு. அதை எழுத இந்த வகையில் வழி இருக்கிறது. லீப் நொடிகளையும் சேர்த்து உண்மையான இடைவெளி வேண்டுமென்றால் அணுக் கடிகார நேரத்துக்குத் தனி வகை, அதற்கு மாற்ற லீப் நொடிப் பட்டியல் ஒன்றையும் கையில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் உலகத்துக்குப் பொதுவான கணம். சுவரில் தொங்கும் கடிகாரம் காட்டுவது வேறு பொருள். இரண்டையும் ஒரே வகையில் அடைத்ததுதான் பல மொழிகளைப் பல ஆண்டுகள் வாட்டிய நோய். ஜாவாவின் பழைய ‘டேட்’ வகையில் மாதம் 0-வில் தொடங்கும், ஆண்டு 1900-ஐக் கழித்து எழுதப்படும். பெயர் தேதி, உள்ளே இருப்பதோ ஒரு கணம். கொடுத்த பிறகும் யார் வேண்டுமானாலும் அதன் மதிப்பை மாற்றிவிடலாம். 1995-இல் அவசரமாகப் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் அந்த வடிவத்தை அப்படியே சுவீகரித்தது. அதில் ‘1990-08-15’ என்ற பிறந்த தேதியைக் கொடுத்தால் யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு அது ஆகஸ்ட் 15 காலை 5:30. தேதி சரியாகவே தெரியும். நியூயார்க்கில் திறப்பவருக்கு ஆகஸ்ட் 14 இரவு. பிறந்த நாளே ஒரு நாள் பின்னால் போய்விடும். பிறந்த நாளுக்கு நேரமும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. அது ஒரு நாள் மட்டுமே. அதைக் கணமாக எழுதத் தொடங்கிய இடத்திலேயே பிழை நுழைந்துவிட்டது. எல்ம் இங்கே கண்டிப்பானது: ஒரு கணத்தின் மணி என்ன என்று கேட்கும் ஃபங்ஷனுக்கு நேர மண்டலத்தையும் கொடுத்தே ஆக வேண்டும். மண்டலம் சொல்லாமல் மணி கேட்க வழியில்லை. 2014-இல் வந்த ஜாவா 8 புதிய நேர நூலகத்தில் உள்ளூர்த் தேதி, உள்ளூர் நேரம், கணம், மண்டலத்தோடு கூடிய நேரம் என்று தனித்தனி வகைகளைத் தந்தது. ஒருமுறை உருவான மதிப்பு பிறகு மாறாது என்ற ஃபங்ஷனல் ஒழுக்கத்தையும் ஏற்றது.

உள்ளூர் நேரத்தைக் கணமாக மாற்றுவது ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்று பார்க்க இலங்கையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1996-இல் கடும் மின்வெட்டு. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்த மே 25 பிறந்த நள்ளிரவில் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. யூடிசியைவிட 5:30 மணி முன்னால் இருந்த நாடு 6:30-க்குப் போனது. அதே ஆண்டு அக்டோபர் 26-இல் நள்ளிரவு 12:30-க்கு அரை மணி பின்னே வந்து 6:00 ஆனது. 2006 ஏப்ரல் 15-இல் பழைய 5:30-க்கே திரும்பியது.

இப்போது 1996 மே 25, நள்ளிரவு 12:20 என்று ஓர் ஆவணத்தில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். கொழும்பில் அப்படியொரு நேரம் இருந்ததே இல்லை. 12 மணிக்கு அடுத்தபடி 1 மணி. அக்டோபர் 26, நள்ளிரவு 12:10 என்று எழுதியிருந்தால் அந்த நேரம் இரண்டு முறை வந்தது. ஒன்று யூடிசி கணக்கில் முந்தைய நாள் 17:40, மற்றது 18:10. ஆக, உள்ளூர் நேரத்தையும் மண்டலத்தையும் கொடுத்தால் வரும் விடை ஒரு கணம் என்று சொல்வது பொய். ஒன்றும் இல்லை, ஒன்று உண்டு, இரண்டு உண்டு என்று மூன்று வாய்ப்புகள். ஹாஸ்கெலில் ‘டிஇசட்’ என்ற நூலகம் இந்த மூன்றையுமே மூன்று கிளைகளாகக் கொண்ட ஒரு வகையைத் திருப்பித் தருகிறது. எலிக்சிர் மொழி, இடைவெளி விழுந்திருந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள கணங்களையும், இரட்டித்திருந்தால் இரண்டு கணங்களையும் அடையாளம் கட்டிக் கையில் கொடுக்கிறது. எலிக்சிரில் கம்பைலர் எல்லாக் கிளைகளையும் கையாளச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் விடையின் வடிவமே, இப்படியும் நடக்கும் என்று நிரலாளருக்குச் சொல்லிவிடுகிறது.

வருங்காலச் சந்திப்புகளுக்கு இதன் விளைவு இன்னும் கூர்மையானது. 2006 மார்ச்சில் ஒருவர், மே 2 காலை 9 மணிக்குக் கொழும்பில் மருத்துவரைப் பார்க்க நேரம் குறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல் அதை அன்றைய கணக்கில் யூடிசி 3:00 என்று மாற்றிச் சேமித்தால், ஏப்ரலில் கடிகாரம் மாறிய பிறகு அது காலை 8:30 என்று காட்டும். நோயாளியும் மருத்துவரும் ஒப்புக்கொண்டது சுவர்க் கடிகாரத்தின் 9 மணியை. ஆகவே சேமிக்க வேண்டியது உள்ளூர் நேரமும் ‘ஆசியா/கொழும்பு’ என்ற மண்டலப் பெயரும்தான். நடந்து முடிந்ததற்குக் கணம், நடக்கப்போவதற்கு உள்ளூர் நேரம் என்று இரண்டு வகைகளாகப் பிரித்தவர்களுக்கு இந்தக் கோளாறு வராது.

வகைகள் எட்டாத இடமும் இதே தீவில் உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996-இன் மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே 5:30 கணக்கே நீடித்தது. 2003-இல் கொழும்பில் 9 மணி என்றால் கிளிநொச்சியில் 8:30. உலகக் கணினிகள் எல்லாம் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ஒரே பெயர்தான். அந்த ஆண்டுகளில் வன்னியில் எழுதப்பட்ட ஒரு நேரத்தைக் கணினியில் ஏற்றுபவருக்கு, அது எந்தக் கடிகாரம் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அவர்தான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபங்ஷனல் மொழிகளில் ‘இப்போது மணி என்ன’ என்ற கேள்விக்கும் தனி மரியாதை. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவதுதான் தூய ஃபங்ஷன். இப்போதைய நேரமோ கேட்கும்தோறும் மாறும். ஆகவே ஹாஸ்கெலில் அது வெறும் ‘யூடிசி டைம்’ அல்ல, ‘ஐஓ’ என்ற உறைக்குள் வரும்: வெளியுலகத்தைத் தொட்டுவிட்டு வந்த விடை என்ற முத்திரை. கணக்குப் போடும் ஃபங்ஷன் உள்ளிருந்தபடியே ரகசியமாகக் கடிகாரத்தைப் பார்க்க முடியாது. இன்றைய தேதியை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வருவதால், சோதனை செய்பவர் எந்த நாளையும் இன்று என்று கொடுக்கலாம். நாலாண்டுக்கு ஒருமுறை வரும் நாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நானூறு ஆண்டுகளின் எல்லா நாட்களையும் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்க்கலாம். கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்புவதால், மொத்தம் 1,46,097 நாட்கள்தான். கணினிக்கு அது கண்ணிமைக்கும் வேலை.

இத்தனை கவனமாக அமைத்த நூலகத்திலும் ஒரு முடிவு சென்னையைத் தொட்டு நிற்கிறது. ஹாஸ்கெலின் ‘டைம் ஜோன்’ வகை, யூடிசியிலிருந்து உள்ள விலகலை முழு நிமிடங்களாக மட்டுமே வைத்திருக்கும். இந்தியாவின் 5:30-க்கு 330, நேபாளத்தின் 5:45-க்கு 345; இன்றைய உலகத்துக்கு இது போதும். ஆனால் 1906-இல் 5:30 வருவதற்கு முன், இந்திய ரயில்கள் சென்னை நேரத்தைப் பின்பற்றி ஓடின. நேர மண்டலத் தரவுத்தளம் அதை 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று பதிந்திருக்கிறது. 1900-இல் சென்னை நேரம் காலை 6 மணிக்குக் கிளம்பிய ரயில், யூடிசி கணக்கில் 00:38:50-க்குக் கிளம்பியது. 321 நிமிடங்கள் என்று வைத்துக் கணக்கிட்டால் 00:39:00 என்று வரும். ஜாவா 8-இன் விலகல் வகை நொடி வரை எண்ணுவதால் அந்தப் பத்து நொடியும் அதில் தொலைவதில்லை. பழைய ரயில்வே ஆவணங்களை ஹாஸ்கெலில் ஏற்ற விரும்புபவர், அந்த மண்டல வகையை விட்டுவிட்டு நொடிகளில் தனக்கென ஒரு வகையை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த மொழியில் அது ஒரு வரி வேலை.